ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு

கல்லூரி மாணவர் தேர்தலில் ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு இவற்றைக் கொண்டு வாக்குக் கேட்பது தடைசெய்யப்பட்டுள்ளது. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. லிங்டோ குழுவின் அறிக்கையில் உள்ள விதி இது. 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, நாடெங்கும் உள்ள கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க எழுத்தராக இருந்தவன் நான். சர்க்குலர்களையும் விதித் தொகுப்புகளையும் மற்றவர்கள் கதைப்புத்தகம் படிப்பது போலப் படித்துப் பழகிவிட்டேன். ஒரு விதியில் 'விலங்கு' என்று ஒரு சொல் இருந்தால், அதற்கு முன்னால் எங்கோ யாரோ ஒரு விலங்கைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் கற்பனையில் எந்த அதிகாரியும் அப்படி எழுத மாட்டார். எங்கள் அலுவலகத்திலேயே 'மிதிவண்டியை வராந்தாவில் சாத்தக் கூடாது' என்று ஒரு பழைய குறிப்பாணை ஒட்டியிருந்தது. சுவரில் இருந்த கைப்பிடிக் கீறல்களைப் பார்த்தால் அது ஏன் வந்தது என்று புரியும்.

அதே கண்ணோடு லிங்டோ அறிக்கையைப் படித்தால், நம் நாட்டுக் கல்லூரித் தேர்தல்களின் வரலாறு முழுவதும் அதற்குள் தலைகீழாக எழுதப்பட்டிருப்பது தெரியும். வழிபாட்டுத் தலங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சாதி, மத உணர்வைத் தூண்டக் கூடாது. எதிர் வேட்பாளரின் கொள்கையையும் கடந்தகாலச் செயல்பாட்டையும் விமர்சிக்கலாம், சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது. லஞ்சம், மிரட்டல், ஆள்மாறாட்டம் கூடாது. வாக்குச் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. வாக்காளர்களை வண்டி வைத்து அழைத்து வரக் கூடாது. வாக்குப்பதிவு நாளில் தண்ணீரைத் தவிர, உண்ணவோ குடிக்கவோ எதையும் வழங்கக் கூடாது. இத்தனையும் நடந்திருக்கிறது என்பதுதானே இதற்குப் பொருள்?

இந்த அறிக்கை எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்களின் அமைப்புக்கும் இடையே, கல்லூரிச் சங்கத் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்று வழக்கு. எல்லா மாணவர்களும் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதா, வகுப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதா? கேட்பதற்குச் சின்ன விஷயம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் கேரளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், 2005 டிசம்பரில், நாடு முழுவதும் உள்ள மாணவர் தேர்தல்களைப் பற்றியே ஆராய ஒரு குழு அமைக்கச் சொல்லிவிட்டது.

குழுத் தலைவராக வந்தவர் ஜே.எம். லிங்டோ. மேகாலயாவைச் சேர்ந்தவர், 2001 முதல் 2004 வரை தலைமைத் தேர்தல் ஆணையர். 2002-இல் ஜம்மு காஷ்மீர் தேர்தலையும் குஜராத் தேர்தலையும் நடத்தியவர். 2003-இல் மகசேசே விருது பெற்றார். என்னைப் போலத் தேர்தல் பணிக்குப் போன கீழ்மட்ட ஊழியர்களுக்கு டி.என். சேஷனுக்கு அடுத்தபடி மனதில் நின்ற பெயர். பேராசிரியர்கள் சோயா ஹசனும் பிரதாப் பானு மேத்தாவும் குழுவில் இருந்தார்கள். 2006 மே மாதம் அறிக்கை தயார்.

அறிக்கைக்கும் நீதிமன்ற உத்தரவுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் உஜ்ஜயினியில் ஒரு கொடுமை நடந்தது. 2006 ஆகஸ்ட் 26. மாதவ் கல்லூரியில் மாணவர் சங்கத் தேர்தல் ரத்தானதை ஒட்டி எழுந்த கலவரத்தில் பேராசிரியர் எச்.எஸ். சபர்வால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். தொலைக்காட்சி கேமராக்கள் அங்கே இருந்தன. அன்றைய காட்சிகளை நாடே பார்த்தது. வழக்கு மத்தியப் பிரதேசத்தில் நியாயமாக நடக்காது என்று நாக்பூருக்கு மாற்றப்பட்டது. 2009 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை ஆனார்கள். கேமராவுக்கு முன்னால் நடந்த கலவரத்திலேயே இப்படி என்றால், மூடிய அறைக்குள் எண்ணப்படும் மாணவர் ஓட்டுகளைப் பற்றி என்ன சொல்வது?

கல்லூரித் தேர்தல் என்றால் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. பாட்னா பல்கலைக்கழகத்தில் 1973-இல் நடந்த மாணவர் சங்கத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் லாலு பிரசாத் யாதவ். பொதுச் செயலாளர் சுஷில் குமார் மோடி. பின்னாளில் ஒருவர் முதலமைச்சர், இன்னொருவர் துணை முதலமைச்சர், அதுவும் எதிரெதிர் கட்சிகளில். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1980-களின் நடுவில் தேர்தல் நின்றது. மறுபடி நடந்தது 2012 டிசம்பரில், 28 ஆண்டுகள் கழித்து. ஒரு தலைமுறை மாணவர்கள் ஓட்டுச் சீட்டையே பார்க்காமல் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அங்கே தேர்தலைத் திருத்துவதை விட நிறுத்துவது சுலபமாக இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கும் கதை உண்டு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் பலர் கல்லூரி மாணவர் தலைவர்கள். அந்தக் கிளர்ச்சியில் வெளியே தெரிந்த பெ. சீனிவாசன் 1967-இல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அன்றிலிருந்து கட்சிகள் கல்லூரி வாசலை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கின என்பது என் கணிப்பு. கல்லூரி 'சேர்மன்' பதவிக்கு வெளியிலிருந்து பணம் வர ஆரம்பித்தால், அந்தப் பதவிக்குக் கல்லூரிக்கு வெளியே ஒரு விலை இருக்கிறது என்று பொருள்.

நேரடித் தேர்தலா மறைமுகத் தேர்தலா என்பதற்கு மீண்டும் வருகிறேன். எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் எங்கள் மண்ணின் தலையெழுத்தைத் தீர்மானித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர்தான். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஊர் முழுக்க ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. அதைக் குறை சொல்பவர்கள் பிரான்சில் அப்போதே இருந்தார்கள். என் பள்ளிக்கூட நாட்களில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேயே அதைக் கிளப்புவார். எங்களில் சிலருக்குக் கோபம் வரும். மறைமுக முறையில் கலவரம் குறைவு என்பது உண்மை. ஆனால் 178 பேரை விலைக்கு வாங்குவது மூன்று லட்சம் பேரை வாங்குவதை விடச் சுலபம் என்பதும் உண்மை. (கீழூரில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. கூடியவர்களின் மனநிலை ஊருக்கே தெரிந்திருந்தது.) லிங்டோ குழு சிறிய வளாகங்களுக்கு நேரடித் தேர்தல், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மறைமுக முறையும் கலந்த ஏற்பாடு என்று பல மாதிரிகளை முன்வைத்தது. சூழ்நிலை சரியில்லாத இடங்களில் தற்காலிகமாக நியமன முறையையும் அனுமதித்தது. 'தற்காலிகம்' என்ற சொல் அரசாங்கத்தில் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும்.

இனி அறிக்கையின் மையத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் நம்பிக்கை தராததும் அதே விதிதான். ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 5,000 ரூபாய் செலவு செய்யலாம். அச்சடித்த சுவரொட்டி, துண்டுப் பிரசுரம் எதுவும் கூடாது. கையால் எழுதிய சுவரொட்டி மட்டும், அதுவும் நிர்வாகம் குறிப்பிட்ட இடங்களில் மட்டும். அரசியல் கட்சிகளிடமிருந்து பணம் வாங்கக் கூடாது. மாணவர்கள் விரும்பிக் கொடுப்பதை மட்டும் வாங்கலாம். வேட்புமனு முதல் முடிவு வரை எல்லாம் 10 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலோ, செலவு மீறினாலோ தேர்வு செல்லாது.

எழுதியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. பணக்கார வீட்டுப் பையனும் மில் தொழிலாளி மகனும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி ஓடாத ஒரு போட்டியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1970-களின் தொடக்கம். நான் படித்த கல்லூரியில் சேர்மன் தேர்தல். ஒரு வேட்பாளர் வசதியான வியாபாரக் குடும்பம். ஒரு வாரம் விடுதி மாணவர்களுக்கு இரவுக் காட்சி டிக்கெட், கடைசி நாள் பிரியாணி. இன்னொருவர் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். பழைய செய்தித்தாளின் மேல் நீலக் கரைசலில் துணியை முக்கி எழுதி, வீட்டில் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டினார். எழுத்து அழகாக இருக்கும். லிங்டோ பிறகு விதியாக எழுதியதை அந்தப் பையன் வறுமையால் செய்தான்.

ஓட்டு எண்ணியது பெரிய வகுப்பறை ஒன்றில். கணக்கு விரிவுரையாளர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, பெயரைப் படித்து, எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். கரும்பலகையில் இரண்டு பக்கமும் ஐந்தைந்தாகக் கோடு போட்டார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. பிரியாணி ஜெயித்தது. மில் தொழிலாளி மகன் மேசைக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு, தன் நண்பர்களோடு டீ குடிக்கப் போனார். நானும் போனேன். பிரியாணியைத் திட்டினார்களே தவிர, எண்ணிக்கையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் நேரமாகிறது என்று சொல்லி, முதல்வர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார்கள். முடிவு தட்டச்சு செய்த ஒரு தாளாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. வித்தியாசம் முந்தைய வருஷத்தை விட அதிகம். பிரியாணியும் அந்த வருஷம் கிடையாது. ஆனாலும் அன்று மாலை ஆய்வுக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் வந்தது. உள்ளே ஏதாவது தப்பு நடந்ததா என்றால், நடந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை யாரிடம் நிரூபிப்பது? கரும்பலகை இருந்தால் நிரூபிக்கத் தேவையே இல்லை.

பிற்பாடு எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போனபோது இதை நினைத்துக்கொள்வேன். வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தை நிரப்பி, எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி, ஒவ்வொரு வேட்பாளரின் ஏஜெண்டுக்கும் நகல் தருவோம். பெட்டியின் முத்திரையில் அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். பசியில் காதடைக்கும் நேரம். ஆனாலும் அந்தத் துண்டுக் காகிதம் கைக்குப் போனதும் எதிரெதிர் ஏஜெண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

5,000 ரூபாய்க்கு வருவோம். 2006-இல் எழுதிய தொகை, 2024-இலும் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் அதே தொகைதான் உச்சவரம்பு. பல கல்லூரிகளில் பரவிக் கிடக்கும், ஒரு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் உள்ள தேர்தல் அது. கையால் எழுதிய தாள்களுக்கென்று 'ஜனநாயகச் சுவர்' என்ற பெயரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் மேம்பாலத் தூண், மெட்ரோ நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றிலும் அச்சடித்த, வண்ணப் படம் போட்ட சுவரொட்டிகள். அவற்றில் வேட்பாளரின் பெயரில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே தப்பாக அச்சிடுவது அங்கே பழைய வழக்கம். யாராவது கேட்டால், 'அது என் பெயரே இல்லையே' என்று சொல்லிவிடலாம். இந்த உத்தியைக் கண்டுபிடித்த மூளை எங்கள் கருவூலத்துக்கு வந்திருந்தால் நாங்கள் எல்லாரும் சிறைக்குப் போயிருப்போம்.

2024 செப்டம்பர் 27-இல் வாக்குப்பதிவு. அதற்கு முதல் நாள் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு காரியம் செய்தது. ஓட்டுப் போடலாம், ஆனால் சுவரொட்டியும் கிறுக்கலும் நீக்கப்பட்டு, பாழான இடங்கள் பழையபடி ஆகும் வரை எண்ணக் கூடாது என்றது. பெட்டிகளும் இயந்திரங்களும் பூட்டிக் கிடந்தன. ஜெயிக்கப் போவது யார் என்று தெரியாமலே வேட்பாளர்கள் சுவரைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டியதாயிற்று. முடிவு வந்தது நவம்பர் 25-இல், ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து. நான் படித்த நீதிமன்ற உத்தரவுகளில் என்னைச் சிரிக்க வைத்து, உடனே யோசிக்கவும் வைத்தது இதுதான். பதினெட்டு வருஷமாக 5,000 ரூபாய் விதி செய்ய முடியாததை, எண்ணாமல் நிறுத்திவைத்த பெட்டி ஓரளவுக்குச் செய்தது.

அடுத்த வருஷம் பல்கலைக்கழகம், சுவரைக் கெடுத்தால் பொறுப்பேற்பதாக வேட்பாளர்கள் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் தர வேண்டும் என்றது. மாணவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏழை மாணவன் எப்படி நிற்பான் என்று கேட்டன. நியாயமான கேள்வி. 5,000-க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் விதி, ஒரு லட்சத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடு என்று இன்னொரு பக்கம். ஒரே கோப்பில் இந்த இரண்டு தாளும் இருந்தால் எந்தத் தணிக்கையாளரும் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். உண்மையில் அந்தப் பத்திரம் சொல்வது இதைத்தான்: 5,000 ரூபாய்க் கணக்கை நாங்களும் நம்பவில்லை.

டெல்லியிலேயே இதற்கு நேர்மாறான இன்னொரு வளாகமும் உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே மாணவர்கள் தங்கள் சங்கத்துக்குத் தாங்களே ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். தேர்தலை நடத்துவது பதிவாளரும் முதல்வரும் இல்லை. போட்டியிடாத மாணவர்களைக் கொண்ட தேர்தல் குழு. தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் ஒரே மேடையில், இரவு வெகுநேரம், ஜீலம் விடுதிப் புல்வெளியில் கூட்டத்துக்கு முன்னால் வாதிட வேண்டும். ஒருவரையொருவர் கேள்வி கேட்க வேண்டும். சுவரொட்டிகள் கையால் வரைந்தவை. இதெல்லாம் லிங்டோவுக்கு முப்பது வருஷம் முன்பே.

அந்தச் சங்கத்துக்கு ஒரு மரியாதை இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்லலாம். நெருக்கடி நிலையின்போது சங்கத் தலைவராக இருந்த டி.பி. திரிபாதி சிறைக்குப் போனார். நெருக்கடி நிலை முடிந்த பின் தலைவரானவர் சீதாராம் யெச்சூரி, நம் சென்னையில் பிறந்தவர். 1977 செப்டம்பரில் அவர் மாணவர்களோடு இந்திரா காந்தியின் வீட்டுக்குப் போய், அவர் பல்கலைக்கழக வேந்தர் பதவியிலிருந்து விலக வேண்டும் என்ற மனுவை அவர் முன்னாலேயே படித்தார். பக்கத்தில் நின்று இந்திரா கேட்டுக்கொண்டிருக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறகு அவர் விலகினார். மாணவர்கள் கள்ள ஓட்டில் தேர்ந்தெடுத்த தலைவராக இருந்திருந்தால், 'நீ யாரப்பா?' என்று ஒரே கேள்வியில் அந்தக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

இப்படிப்பட்ட இடத்தில், லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தேர்தலுக்குத் தடை விதித்தது. பிரியாணியோ கள்ளப் பணமோ அங்கே பிரச்சினை இல்லை. வயது வரம்பு போன்ற விதிகள்தான். இளங்கலை மாணவருக்கு 22, முதுகலைக்கு 25, ஆராய்ச்சி மாணவருக்கு 28 என்று வரம்பு. ஒருவர் நிர்வாகி பதவிக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் நிற்கலாம். 75 சதவீத வருகை வேண்டும். பத்து வருஷம் கல்லூரியிலேயே குடியிருக்கும் 'நிரந்தர மாணவர் தலைவர்'களை விரட்ட எழுதிய விதி அது. வடக்கே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிப் படிப்பே பிரதானமான ஒரு பல்கலைக்கழகத்தில் 29 வயது மாணவர் சாதாரணம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே தேர்தல் இல்லை. வயது உள்ளிட்ட சில விதிகளைத் தளர்த்திய பிறகு 2012 மார்ச்சில் மறுபடி நடந்தது. வியாதிக்காரனுக்கு எழுதிய மருந்தை ஆரோக்கியமானவனுக்குக் கட்டாயமாகப் புகட்டிய கதை.

ஆரோக்கியம் என்று சொன்னதற்காக அது ரிஷிகள் ஆசிரமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் அடிதடி உண்டு. 2025 ஏப்ரலில் தேர்தல் குழு அலுவலகத்திலேயே நாசவேலை நடந்து, மாணவர் குழு வேலையைச் சில நாள் நிறுத்திவைத்தது. மற்ற இடங்களுக்கும் அதற்கும் நான் காணும் வித்தியாசம், சண்டை வந்தாலும் எண்ணுபவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் மாணவர்களே என்பதுதான். தோற்றவனுக்குத் திட்டுவதற்குக் கண்ணுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறது.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பிரான்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968 மே மாதம் பாரிசில் மாணவர்கள் தெருவில் கற்களைப் பெயர்த்தபோது, எங்கள் பிரெஞ்சு ஆசிரியர்கள் ஓய்வு அறையில் ரேடியோவைச் சுற்றி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளர்ச்சிக்குப் பதிலாக அந்த வருஷம் நவம்பரில் வந்தது கல்வி அமைச்சர் எட்கார் ஃபோரின் சட்டம். பல்கலைக்கழக நிர்வாக சபைகளில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஓட்டுப் போட்ட மாணவர்கள் 60 சதவீதத்துக்குக் குறைந்தால், குறைந்த அளவுக்கு மாணவர் இடங்களும் குறையும். குணக்கு முறையில் குற்றம் இல்லை. ஆனால் வகுப்புக்கு ஒழுங்காக வந்து ஓட்டும் போட்ட மாணவன், வராத நண்பனுக்காக ஒரு பிரதிநிதியை இழந்தான். அங்கே ஆட்களை வரவழைக்க விதி தேவைப்பட்டது. இங்கே வண்டி வைத்து அழைத்து வராதே என்று விதி தேவைப்படுகிறது!

லிங்டோ அறிக்கையில் பெரிதாகப் பேசப்படாத ஓர் ஏற்பாடு உண்டு. தேர்தல் புகார்களைக் கேட்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குறைதீர்க்கும் குழு. மாணவர் நலப் பொறுப்பாளர் தலைவர். மூத்த ஆசிரியர் ஒருவர், நிர்வாக அதிகாரி ஒருவர், இறுதியாண்டு மாணவர் இருவர், அதில் ஒருவர் பெண். ஐந்து பேரில் மூன்று பேர் நிர்வாகத்தின் ஆட்கள். புகாரே நிர்வாகத்தின் மேல் என்றால்? கதவைச் சாத்திக்கொண்டு எண்ணியவரே நீதிபதி நாற்காலியிலும் உட்காருவார். இரண்டு மாணவர்களை மூன்றாக்கியிருந்தால் அறிக்கைக்கு ஒரு வரி கூடக் கூடியிருக்காது.

ஆனாலும் அந்த அறிக்கையை எழுதியவர்கள் சாமர்த்தியசாலிகள்தான். கணக்கைப் பற்றிய விதியின் கடைசியில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். வேட்பாளர் கொடுத்த தணிக்கைக் கணக்கை, இரண்டு நாளுக்குள் கல்லூரி வெளியிட வேண்டும். எந்த மாணவரும் தடையின்றிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நான் இத்தனை வருஷமாக இந்த விஷயத்தைப் பற்றிய செய்திகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வருகிறேன். சுவரொட்டிப் படம் இருக்கிறது, மாலை போட்ட படம் இருக்கிறது, உடைந்த ஜன்னல் படம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு 5,000 ரூபாய்க் கணக்கின் படம் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை.

உங்கள் பேரனோ பேத்தியோ தேர்தல் நடக்கும் கல்லூரியில் படித்தால், அலுவலகத்தில் போய் அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரவு இவ்வளவு, காகிதம் இவ்வளவு, மைதா இவ்வளவு என்று இருக்கும். வவுச்சர்களோடு ஒரு நகல் கிடைத்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள். கூட்டல் சரியா என்று பார்த்துத் தருகிறேன்.